புரொஃபைலை மாற்றும் முன், தப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பெரிய அளவு பிரிண்டர் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "கலர் சரியா வரலை, இந்த மீடியாவுக்குப் புது புரொஃபைல் போட்டுத் தர முடியுமா?" மீடியா என்றால் தாள், கேன்வாஸ், ஃபிலிம் என்று எதில் அச்சிடுகிறோமோ அது. கேட்பதில் தப்பில்லை. ஆனால் நோய் என்னவென்று பார்க்காமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது மாதிரிதான் அது. புது புரொஃபைல் போட்டால் சில நாள் நன்றாக இருக்கும். அப்புறம் மறுபடியும் அதே புகார் வரும். ஏனென்றால் பெரும்பாலான நேரம் கெட்டுப்போனது புரொஃபைல் இல்லை.

ஐசிசி புரொஃபைல் என்பது அளந்து எழுதிவைத்த ஓர் அட்டவணை. இந்தப் பிரிண்டர், இந்த மை, இந்த மீடியா, இந்த ரெசல்யூஷன், இத்தனை பாஸ் (மை தெளிக்கும் ஹெட் ஒரே இடத்தின் மேல் போகும் தடவை) என்ற நிலையில் இன்ன எண்களை அனுப்பினால் தாளில் இன்ன நிறம் விழும் என்று அது சொல்கிறது. 1993-இல் ஆப்பிள், அடோபி, ஆக்ஃபா, கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம்) அமைப்பைத் தொடங்கின. எந்தக் கருவியின் நிறத்தையும் ஒரு பொதுவான நிறவெளிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேறொரு கருவிக்கு எடுத்துப்போவதுதான் நோக்கம். அந்தப் பொதுவெளிக்கு அடிப்படை டி50 என்ற, பகல் வெளிச்சத்தை ஒத்த ஒளி. இதெல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டவணை எழுதப்பட்ட நாளில் பிரிண்டர் இருந்த நிலை இன்றைக்கும் இருக்க வேண்டும். பிரிண்டர் அந்த நிலையைவிட்டு நகர்ந்திருந்தால் அட்டவணை சரியாகவே இருக்கும், அச்சு மட்டும் தப்பாக வரும்.

அதனால் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு மாறியிருக்கிறது" என்று இல்லை. "எங்கே மாறியிருக்கிறது" என்றுதான். வெள்ளைக்குப் பக்கத்திலா, நடுச் சாம்பலிலா, இருட்டிலா, பளிச்சென்ற நிறங்களில் மட்டுமா, தாளின் ஒரு ஓரத்தில் மட்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதைப் பார்க்க ஒரு சோதனைப் படம் வேண்டும். வாடிக்கையாளரின் படம் இதற்கு உதவாது. அதில் சரியான நிறம் எதுவென்று யாருக்கும் தெரியாது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை போகும் சாம்பல் படிகள், ஒவ்வொரு மைக்கும் தனித்தனிப் படிகள், தோல் நிறம், அடர்ந்த பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் உள்ள ஒரு படம் போதும். புரொஃபைல் போட்ட அன்றே அதை அச்சிட்டு, அளந்து, வெளிச்சம் படாத உறையில் வைத்துவிட வேண்டும். பிரச்சினை வரும் நாளில் அதே படத்தை அதே அமைப்புகளோடு அச்சிட்டுப் பழையதன் பக்கத்தில் வைத்தால், பிரிண்டர் மாறியதா, கோப்பு மாறியதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் பிரிண்டரைத் தொடவே வேண்டாம்; குற்றம் கோப்பிலோ, மென்பொருள் வழியிலோ, பார்க்கிற வெளிச்சத்திலோ இருக்கிறது. இந்த ஒரு தாளை வைத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். மை, மீடியா, நேரம் மூன்றையும் மிச்சப்படுத்துகிற ஒரே துண்டு அது.

சரி, பிரிண்டர்தான் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுச் சாம்பல் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதாவது லேசாகப் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், ஏதோ ஒரு மை தன் அளவைவிட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜென்டா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றும் சரியான விகிதத்தில் விழுந்தால்தான் சாம்பல் சாம்பலாக இருக்கும். மெஜென்டா கொஞ்சம் குறைந்தால் பச்சை தட்டும். வேறு நிறங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றம்கூடச் சாம்பலில் உடனே தெரியும். அதனால்தான் எல்லாப் புகாருக்கும் நான் முதலில் சாம்பல் படிகளைப் பார்க்கிறேன்.

இந்த விலகலுக்குப் பெரும்பாலும் எளிய காரணங்கள்தான். சில நாசில்கள், அதாவது மை வரும் நுண்துளைகள், அடைத்திருக்கும். ஹெட் அலைன்மென்ட், அதாவது மைத்துளிகள் சரியான இடத்தில் விழும் ஒழுங்கு, போயிருக்கும். மீடியா நகரும் அளவு சரியில்லாமல் கோடு கோடாக பேண்டிங் விழுந்து, அது தூரத்தில் நிற மாற்றமாகத் தெரியும். அறையின் ஈரப்பதம் மாறியிருக்கும். தாளும் சரி, கேன்வாஸும் சரி, ஈரத்தை உறிஞ்சினால் மை பரவுகிற விதமே மாறிவிடும். புது மை வேறு தயாரிப்புத் தொகுதியாக இருக்கலாம். மீடியாவும் அப்படியே: ஒரே பெயர், ஒரே எண், ஆனால் பூச்சு கொஞ்சம் வேறு. ஹீட்டர் உள்ள பிரிண்டர் என்றால் வெப்பநிலை ஒரு காரணம். காலையில் முதல் மீட்டர் ஒரு மாதிரியும் மூன்றாவது மீட்டர் வேறு மாதிரியும் வருவது பலருக்கு நடந்திருக்கும். ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் அச்சிடும் முறையில் இன்னொரு சங்கதி உண்டு. ஹெட் போகும்போது சியானுக்கு மேல் மெஜென்டா விழுந்தால், திரும்பும்போது மெஜென்டாவுக்கு மேல் சியான் விழும். வரிசை மாறினால் நிறம் கொஞ்சம் மாறும். குறைந்த பாஸில் ஓட்டும்போது அடர்ந்த நீலத்திலும் பச்சையிலும் மாறி மாறிப் பட்டைகள் தெரிவது பல நேரம் இதனால்தான். இதை எந்தப் புரொஃபைலும் சரிசெய்யாது. ஒரே திசையில் மட்டும் அச்சிடும்படி மாற்றினால் போய்விடும்.

இங்கேதான் புதுப் புரொஃபைல் போடுவது வம்பாகிறது. நாசில் அடைத்த பிரிண்டரில் சார்ட் (புரொஃபைல் செய்ய அளக்கும் நிறக் கட்டங்கள்) அச்சிட்டு அளந்தால், புரொஃபைல் அந்த அடைப்பையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அன்றைக்குச் சரியாக வரும். நாளைக்கு ஹெட்டைச் சுத்தம் செய்தவுடன் நிறம் எதிர்ப்பக்கம் சாயும். அப்புறம் இன்னொரு புரொஃபைல். இப்படி ஒரே மீடியாவுக்குப் பல புரொஃபைல்கள் சேர்ந்துபோய், எதைப் போட்டால் எது வரும் என்று யாருக்கும் தெரியாத கம்ப்யூட்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புரொஃபைலுக்குக் கீழே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்று மை வரம்பு. இன்னொன்று லீனியரைசேஷன். கோப்பைப் பிரிண்டருக்கான மைப்புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளில் இவை வெளிப்படையாக இருக்கும். பிரிண்டரோடு வரும் சாதாரண டிரைவரில் 'மீடியா வகை' என்ற ஒரே தேர்வுக்குள் ஒளிந்திருக்கும்.

மை வரம்பு என்பது இந்த மீடியா தாங்கக்கூடிய மை எவ்வளவு என்பது. கோட்பாட்டளவில் நான்கு மையும் நூறு நூறாக 400 சதவீதம் விழலாம். எந்த மீடியாவும் அதைச் சுகமாகத் தாங்காது. மை தேங்கும், பரவும், காயாது, சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். தனித்தனி மைக்கும் ஒரு எல்லை உண்டு. சியானைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே அளந்துபாருங்கள். ஒரு கட்டம் வரை நிறம் அடர்ந்துகொண்டே போகும். அதற்கு மேல் அடர்த்தி கூடாது. நிறமே திரும்ப ஆரம்பிக்கும், சியான் நீலத்தின் பக்கம் சாயும், மெஜென்டா சிவப்பின் பக்கம் போகும். வரைபடத்தில் பார்த்தால் கோடு நேராகப் போய் நுனியில் கொக்கி மாதிரி வளையும். அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வரம்பை வைக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் வைத்துவிட்டுப் புரொஃபைல் போட்டால், ஒரே நிறத்தை இரண்டு விதமான மை அளவுகள் தருகிற குழப்பத்தை அந்த அட்டவணை சமாளிக்க வேண்டியிருக்கும். இருட்டுப் பகுதிகளில் விவரம் அடைபடுவது, நிறம் படிப்படியாக மாறுகிற இடத்தில் திடீரென்று ஒரு தாவல் தெரிவது, சிவப்பு சேறாகத் தெரிவது எல்லாவற்றுக்கும் பல நேரம் இதுதான் வேர்.

லீனியரைசேஷன் அடுத்தது. 50 சதவீதம் என்று அனுப்பினால் பாதியாகத் தெரிய வேண்டும். இன்க்ஜெட் புள்ளி பரவுவதால் அது இயல்பாக நடக்காது. ஒவ்வொரு மைக்கும் ஒரு திருத்த வளைவு வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இதை மறுபடி செய்வது எளிது என்பதுதான். பிரிண்டர் நகர்ந்துவிட்டால் முழுச் சார்ட்டையும் அச்சிட வேண்டியதில்லை. சில படிகள் உள்ள சின்னப் பட்டையை அச்சிட்டு, அளந்து, வளைவை மட்டும் புதுப்பித்தால், பிரிண்டர் புரொஃபைல் போட்ட நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். பழைய புரொஃபைல் மறுபடி உண்மையாகிவிடும். ஹெட் மாற்றிய பிறகும், மை மாற்றிய பிறகும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஆனால் ஒன்று: புரொஃபைலைத் தொடாமல் மை வரம்பை மட்டும் மாற்றிவிட்டால் அந்தப் புரொஃபைல் செத்தது. வரம்பு மாறினால் மேலே இருப்பதெல்லாம் புதிதாகச் செய்யப்பட வேண்டும்.

டிரைவர் வழியாக அச்சிடுபவர்களுக்கு மீடியா வகைதான் எல்லாம். மேட் தாளைப் போட்டுவிட்டு டிரைவரில் கிளாஸி என்று தேர்ந்தெடுத்தால், பல பிரிண்டர்கள் மேட் கறுப்புக்குப் பதில் ஃபோட்டோ கறுப்பைப் போடும். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். இருட்டு மட்டும் மோசமாக இருந்து மற்றதெல்லாம் சுமாராக இருந்தால், புரொஃபைலைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். புரொஃபைல் போடும்போது எந்த மீடியா வகை தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதே வகைதான் அச்சிடும்போதும் இருக்க வேண்டும். தாளைக் கொடுக்கும் நிறுவனம் இலவசமாகத் தரும் புரொஃபைலோடு ஒரு சின்னக் குறிப்பும் வரும், அதில் இந்த விவரம் இருக்கும். புரொஃபைலை இறக்கிக்கொண்டு குறிப்பைப் படிக்காமல் விடுவது நம் வழக்கம்.

இனி மென்பொருள் வழி. படம் முழுக்க, வெள்ளையைத் தவிர எல்லா இடத்திலும், தப்பு கண்ணை அறைகிற அளவுக்குப் பெரியதாக இருந்தால் அது அநேகமாக இங்கேதான். ஃபோட்டோஷாப் புரொஃபைல் வழியாக நிறத்தை மாற்றி அனுப்புகிறது. டிரைவரோ ரிப்போ அதை மாற்றாத கோப்பு என்று நினைத்து இன்னொரு முறை மாற்றுகிறது. இரட்டை மாற்றம். பல நேரம் படம் சிவந்து, தடித்து வரும். இரண்டில் ஒன்றை அணைத்தால் தீர்ந்தது. இதைவிடக் கள்ளத்தனமானது, சார்ட்டை அச்சிடும்போதே யாராவது நடுவில் நிறத்தை மாற்றிவிடுவது. புரொஃபைல் சார்ட் எந்த மாற்றமும் இல்லாமல் போக வேண்டும். 2010-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்5-இல் 'நிற மேலாண்மை வேண்டாம்' என்ற தேர்வையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் சார்ட் அச்சிடுவதற்கென்றே அடோபி ஒரு தனிச் சிறு மென்பொருளை வெளியிட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் சார்ட்டை ஃபோட்டோஷாப்பில் திறந்து அச்சிட்டுவிட்டு, "அளந்துதான் போட்டேன், ஆனா சரியா வரலை" என்பவர்கள் உண்டு.

கோப்பில் புரொஃபைல் ஒட்டப்படாமல் வருவது இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிறவெளியில் வேலை செய்த படத்தைக் குறிச்சொல் இல்லாமல் அனுப்பினால், ரிப் பெரும்பாலும் அதை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிறவெளி என்று எடுத்துக்கொள்ளும். பச்சையும் தோல் நிறமும் செத்துப்போன மாதிரி வெளிறும். நேர்மாறாக நடந்தால் முகங்கள் தக்காளியாகும். பின்னணி வெள்ளை முழுக்க மெல்லிய ஒரு நிறம் பூசினது போல வந்தால், ரெண்டரிங் இன்டென்ட் (எட்டாத நிறங்களையும் தாளின் வெள்ளையையும் எப்படி மாற்றுவது என்ற தேர்வு) 'அப்சல்யூட்'டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வேறொரு தாளின் வெள்ளையை இந்தத் தாளில் நடித்துக்காட்டுகிறது. ப்ரூஃப் (இறுதி அச்சு எப்படி வரும் என்று காட்டும் மாதிரி) எடுப்பவர்களுக்கு அது வேண்டும், பேனர் அடிப்பவருக்கு வேண்டாம்.

இப்போது தாளுக்கு வருவோம். வெள்ளைக்குப் பக்கத்தில் மட்டும், லேசான நிறங்களில் மட்டும், மஞ்சளோ நீலமோ தட்டுகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது தாளில் சேர்த்திருக்கும் வெளுப்பூட்டிகள் மேல். துணி சோப்பில் இருப்பது போன்ற பொருள்தான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உறிஞ்சி, நீல ஒளியாகத் திருப்பிவிடும். அதனால்தான் தாள் வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரிகிறது. நமக்கு இது தலைவலி, ஏனென்றால் அந்த நீலம் தாளின் சொந்த நிறம் கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் புற ஊதா எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் நீலம் வரும்.

அளக்கும் கருவி என்ன செய்கிறது என்பது இங்கே முக்கியமாகிறது. ஐஎஸ்ஓ 13655 தரத்தில் அளவீட்டு நிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எம்0 பழைய டங்ஸ்டன் விளக்கு; அதில் புற ஊதா எவ்வளவு என்று கட்டுப்பாடு இல்லை. எம்1 டி50 ஒளியைப் புற ஊதாவோடு சேர்த்துப் பின்பற்றுவது. எம்2 புற ஊதாவை வெட்டிவிடுவது. எம்3 துருவ வடிகட்டி போட்டது. வெளுப்பூட்டி நிறைய உள்ள தாளைப் புற ஊதாவோடு அளந்தால், கருவிக்கு அது நீலமாகத் தெரியும். புரொஃபைல் செய்யும் மென்பொருள் அந்த நீலத்தைச் சரிக்கட்ட லேசான நிறங்களில் மஞ்சளைச் சேர்க்கலாம். அப்புறம் அந்த அச்சைப் புற ஊதா இல்லாத வெளிச்சத்தில் மாட்டினால் நீலம் வராது, சேர்த்த மஞ்சள் மட்டும் நிற்கும். நீலச் சில்லில் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசிய சாதாரண எல்இடி விளக்குகளில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை என்பதை நினைவில் வையுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியோ லேமினேஷனோ போட்டாலும் இதே கதைதான்.

சோதிப்பது எளிது. அச்சிடாத தாளை எம்1-இலும் எம்2-இலும் அளந்து, நிறத்தை மூன்று எண்களால் சொல்லும் லேப் முறையில் நீலம், மஞ்சளைக் காட்டும் 'பி' எண்ணை ஒப்பிடுங்கள். நீலம் மைனஸ் பக்கம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெளுப்பூட்டி இல்லை, அல்லது மிகக் குறைவு. எம்1 ஆழமாக மைனஸில் போய் எம்2 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால், அச்சு எங்கே மாட்டப்படும் என்று கேட்காமல் புரொஃபைல் போடாதீர்கள். வெயிலிலா, எல்இடி அறையிலா, கண்ணாடிக்குப் பின்னாலா? கலைப் படங்களுக்கு வெளுப்பூட்டி இல்லாத தாளைத்தான் நான் எப்போதும் சொல்வேன். கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், ஆனால் எங்கே கொண்டுபோனாலும் அவ்வளவாக மாறாது.

வெளிச்சத்தைப் பற்றியே இன்னொன்று. ஐஎஸ்ஓ 3664 தரம் அச்சை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு டி50 ஒளியில் 2000 லக்ஸும், சாதாரணமாகப் பார்ப்பதற்கு 500 லக்ஸும் சொல்கிறது. அச்சு இருட்டாக வருகிறது என்ற புகாரில் பெரும்பகுதி மானிட்டர் பிரகாசம்தான். திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும், அச்சு மங்கிய அறையில் கையில் இருக்கும். திரையை 80-இலிருந்து 120 கேண்டெலா அளவுக்கு இறக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னால் பாதிப் புகார் காணாமல் போகும்.

பளிச்சென்ற நிறங்களில் மட்டும் தப்பு என்றால் அது பெரும்பாலும் தப்பே இல்லை. திரையில் தெரியும் சுத்த நீலத்தையும், சில ஒளிரும் பச்சைகளையும் நான்கு மைகளால் அச்சிட முடியாது. லோகோவின் ஆரஞ்சு மங்கலாக வருகிறது என்று வருத்தப்படுபவருக்கு, ஆரஞ்சு மை உள்ள பிரிண்டரைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நீலம் ஊதாவாக வருவது மட்டும் கொஞ்சம் வித்தியாசமானது. லேப் நிறவெளியில் நீலத்தின் பக்கம் நிறக்கோடுகள் கண் பார்ப்பதற்கு நேராக இல்லை. எட்டாத நீலத்தை அதே கோணத்தில் உள்ளே இழுத்தால் கண்ணுக்கு ஊதாவாகிவிடுகிறது. கோப்பிலேயே மெஜென்டாவைக் குறைத்து நீலத்தைக் கையால் திருத்துவது குறுக்கு வழி என்று சிலர் சொல்வார்கள். நான் செய்வேன். வாடிக்கையாளர் பார்ப்பது அச்சைத்தான், கொள்கையை இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் புரொஃபைல்தான் காரணம் என்று தெரிந்தால், அளவீட்டைக் கவனியுங்கள். நீர் மை அச்சு நன்றாகக் காய வேண்டும். அவசரம் இல்லையென்றால் நான் ஒரு நாள் விடுவேன். சால்வென்ட் மையும் அப்படியே. புற ஊதாவில் உறையும் மைக்கு இந்தக் கவலை இல்லை. லேமினேஷன் போடப் போகிற வேலை என்றால் சார்ட்டுக்கும் லேமினேஷன் போட்டுவிட்டு அளக்க வேண்டும். மெல்லிய மீடியா என்றால் அடியில் என்ன இருக்கிறது என்பதும் அளவில் கலக்கும். மேஜையின் நிறம் உங்கள் புரொஃபைலுக்குள் புகுந்துவிடக் கூடாது. கேன்வாஸின் மேடுபள்ளத்தில் சின்னத் துளையுள்ள கருவி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் சொல்லும். கட்டங்களைப் பெரிதாக்கி, பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். பின்னாலிருந்து ஒளி வரும் ஃபிலிமை ஊடுருவும் ஒளியில்தான் அளக்க வேண்டும். கருவியைச் சரிபார்க்க அதோடு வரும் வெள்ளை ஓட்டில் தூசி இருந்தால் எல்லா எண்ணும் சேர்ந்தே தப்பும். அந்த ஓடு அந்தக் கருவிக்கு மட்டும் உரியது, இன்னொன்றின் ஓட்டை எடுத்துப் போடக் கூடாது.

கடைசியில் மென்பொருள் சராசரி டெல்டா ஈ (இரண்டு நிறங்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்ற அளவு) என்று ஒரு எண்ணைக் காட்டும். 1.2 என்று வந்தவுடன் நிம்மதியாகிவிடாதீர்கள். பல நேரம் அந்த எண், புரொஃபைலைச் செய்யப் பயன்பட்ட அதே கட்டங்களோடு புரொஃபைலை ஒப்பிட்ட கணக்குத்தான். கேள்வியைக் கொடுத்தவரே பதிலையும் எழுதிய மார்க். ஆர்கைல் போன்ற இலவச மென்பொருளிலும் இந்தச் சோதனை உண்டு, அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையான சோதனை வேறு. பிரிண்டரின் எல்லைக்குள் இருக்கிற, லேப் மதிப்பு தெரிந்த சில நிறங்களை எடுத்து, அப்சல்யூட் இன்டென்டில் புரொஃபைல் வழியாக அச்சிட்டு, காயவிட்டு, அளந்து, கேட்டதும் கிடைத்ததும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்ப்பது. ப்ரூஃப் வேலைக்கான ஐஎஸ்ஓ 12647-7 தரம் 2016 பதிப்பில் டெல்டா ஈ 2000 கணக்கில் சராசரி 2.5, அதிகபட்சம் 5 வரை அனுமதிக்கிறது. பேனருக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் சராசரியோடு சேர்த்து, மிக மோசமான கட்டங்கள் எவை என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அவை எல்லாம் சாம்பலில் குவிந்திருந்தால் லீனியரைசேஷன், இருட்டில் குவிந்திருந்தால் மை வரம்பு, வெள்ளைக்குப் பக்கத்தில் குவிந்திருந்தால் தாள். அங்கங்கே சிதறிக் கிடந்தால் சார்ட்டை அளந்ததில் ஏதோ வரிசை தவறியிருக்கிறது, மறுபடி அளக்கவும்.

அளந்து முடித்ததும் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'கேன்வாஸ் புதுசு ஃபைனல் 2' என்று வைக்காதீர்கள். பிரிண்டர், மை, மீடியா, ரெசல்யூஷன், பாஸ், அளவீட்டு நிலை, தேதி எல்லாம் பெயரிலேயே இருக்கட்டும். மூல அளவீட்டுக் கோப்பையும் பக்கத்திலேயே வையுங்கள், இன்டென்டையோ கறுப்பு உருவாக்கும் முறையையோ மாற்ற வேண்டுமென்றால் மறுபடி சார்ட் அச்சிடாமல் அதிலிருந்தே புதிதாகச் செய்துகொள்ளலாம். பழைய, யாருக்கும் கணக்குத் தெரியாத புரொஃபைல்களை ரிப்பின் பட்டியலிலிருந்து எடுத்து வேறொரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். இரவு ஷிஃப்டில் அவசரத்தில் யாராவது அதையே தேர்ந்தெடுப்பார்கள்.